டெர்மினல் விண்டோவிலிருந்து எழுத்தையும் பண்பையும் படிப்பது: சி மொழியில் கர்சஸ், தமிழ் எழுத்துகளோடு

கர்சஸ் (டெர்மினல் திரையைக் கையாளும் சி நூலகம்) கொண்டு திரையில் ஒன்றை எழுதுவது எப்படி என்று சொல்ல ஆயிரம் பாடங்கள் இருக்கின்றன. எழுதியதை, அதன் பண்போடு (தடிமன், அடிக்கோடு, நிறம் போன்றவை), திரும்பப் படிப்பது பற்றி அரிதாகத்தான் யாரும் சொல்கிறார்கள். எல்லை ஊர்களில் எடைமேடை, லாரி புக்கிங் ஆபீஸ், மண்டி என்று பல இடங்களில் டெர்மினலில் ஓடும் சி புரோகிராம்களைப் பராமரிப்பவர்களுக்கு இந்தத் தேவை அடிக்கடி வரும். திரையில் உள்ளதை அப்படியே பிரிண்டருக்கு அனுப்ப வேண்டும், அல்லது சிவப்பில் இருக்கும் வரிகளை மட்டும் பொறுக்க வேண்டும், அல்லது புரோகிராம் சரியாக வரைகிறதா என்று சோதிக்க வேண்டும்.

உதாரணத்துக்கு வாளையார் பக்கத்து எடைமேடை ஒன்றின் திரையை வைத்துக்கொள்வோம். 24 வரிசை, 80 பத்தி. 0-வது பத்தியில் வண்டி எண், 12-வது பத்தியிலிருந்து 16 கட்டங்களுக்கு ஊர்ப் பெயர், 30-வது பத்தியில் எடை. ஓவர்லோடு வண்டியின் வரி சிவப்பில் தடித்து வரும்.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை: ஃபங்ஷன் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். கீழ்க்கோடு இருக்கும் இடத்தில் கீழ்க்கோடே இருக்கும். 'ஏ_' என்று தொடங்குபவை அனைத்தும் நிரலில் பெரிய எழுத்துகள்.

படிப்பது திரையை அல்ல

கர்சஸ் தன் நினைவகத்தில் ஒவ்வொரு விண்டோவுக்கும் (திரையில் ஒதுக்கிய செவ்வகப் பகுதி) ஒரு கட்டப் பலகை வைத்திருக்கிறது. நீங்கள் எழுதுவதெல்லாம் முதலில் அங்கேதான் போகிறது. ரெஃப்ரெஷ் சொன்ன பிறகே வித்தியாசமான கட்டங்கள் மட்டும் டெர்மினலுக்குப் போகின்றன. படிக்கும் ஃபங்ஷன்கள் அனைத்தும் இந்தப் பலகையைத்தான் பார்க்கும், டெர்மினலைக் கேட்பதே இல்லை.

இதிலிருந்து மூன்று விளைவுகள். ரெஃப்ரெஷ் செய்யாத எழுத்தும் படிக்கும்போது கிடைக்கும். பிரிண்ட்எஃப் வழியாகவோ வேறு புரோகிராம் வழியாகவோ திரையில் விழுந்த எழுத்து கண்ணுக்குத் தெரிந்தாலும் கிடைக்காது. டெர்மினல் எழுத்துருவில் தமிழ் கோணல்மாணலாகத் தெரிந்தாலும் படிப்பது சரியாகவே வரும். "திரையில் இருக்கிறது, படித்தால் வெற்றிடம் வருகிறது" என்ற புகாரில் பெரும்பாலும் இரண்டாவதுதான் காரணம்.

ஆயத்தம்

உபுண்டு, டெபியனில் 'லிப்என்கர்சஸ்-டெவ்' என்ற பொதியை நிறுவுங்கள். லிங்க் செய்யும்போது சாதாரண என்கர்சஸ் (லினக்ஸில் வரும் கர்சஸ் வடிவம்) வேண்டாம். பெயரின் கடைசியில் டபிள்யூ சேர்ந்த 'என்கர்சஸ்டபிள்யூ'தான் வேண்டும். அது இல்லாமல் தமிழ் எழுத்துகள் பைட் பைட்டாகச் சிதறும். சில விநியோகங்களில் கீழ்நிலை வேலைகள் 'டின்ஃபோ' என்ற தனி நூலகத்தில் இருக்கும். லிங்கர் 'வரையறுக்கப்படாத குறிப்பு' என்று முறைத்தால் அதையும் சேர்த்துவிடுங்கள்.

நிரலின் தலையில், கர்சஸ் ஹெடரை அழைக்கும் முன்பே '_எக்ஸ்ஓபன்_சோர்ஸ்_எக்ஸ்டெண்டட்' என்பதை 1 என்று வரையறுக்க வேண்டும் (எல்லாம் பெரிய எழுத்து, முதலில் கீழ்க்கோடு). ஹெடருக்குப் பிறகு வரையறுத்தால் பயனில்லை. அகல எழுத்து ஃபங்ஷன்களை கம்பைலர் தெரியாது என்று சொல்லும். அடுத்து மெயினின் முதல் வரியாக செட்லோக்கேல், வகை எல்சி_ஆல், மதிப்பு வெற்றுச் சரம். இது இனிட்ஸ்க்ர் என்ற தொடக்க அழைப்புக்கு முன்னால் வந்தாக வேண்டும். டெர்மினலின் லோக்கேல் (மொழி, எழுத்துக் குறியீட்டு அமைப்பு) யுடிஎஃப்-8 ஆக இருக்கிறதா என்று 'லோக்கேல்' கட்டளை கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மொழி தமிழா ஆங்கிலமா என்பது முக்கியமில்லை, யுடிஎஃப்-8 என்பதே முக்கியம்.

ஒரு கட்டத்தைப் படிப்பது

அடிப்படை ஃபங்ஷன் இன்ச் (ஐ, என், சி, எச்). கர்சர் நிற்கும் கட்டத்தை, கர்சஸ் தானே தரும் முழுத்திரை விண்டோவிலிருந்து படிக்கும். முன்னால் டபிள்யூ சேர்ந்தால் வின்ச்: எந்த விண்டோ என்று நீங்கள் சொல்லலாம். முன்னால் எம்வி சேர்ந்தால் முதலில் கர்சரை நகர்த்திவிட்டுப் படிக்கும். இரண்டும் சேர்ந்தது எம்விவின்ச்:

சிஎச்டைப் கட்டம் = எம்விவின்ச்(பட்டியல், 5, 12);

பட்டியல் என்பது வண்டி வரிகள் உள்ள நம் விண்டோ. முதலில் வரிசை, பிறகு பத்தி. கணக்குப் பாடத்து ஆயத்தொலைவு போல எக்ஸ் முதலில் என்று நினைத்தால் தவறான இடத்தைப் படிப்பீர்கள், பிழைச் செய்தியும் வராது. எண்கள் 0-விலிருந்து தொடங்கும். அந்த விண்டோவின் மேல் இடது மூலையே 0, 0. முழுத்திரையின் மூலை அல்ல.

திரும்பி வரும் சிஎச்டைப் என்பது ஓர் எண். அதில் எழுத்தும் பண்பும் நிறமும் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும். பிரிக்க மூன்று முகமூடிகள் (வேண்டிய பிட்டுகளை மட்டும் விட்டு மற்றதை மறைப்பவை):

எழுத்து = கட்டம் & ஏ_சார்டெக்ஸ்ட்;
பண்பு = கட்டம் & ஏ_ஆட்ரிபியூட்ஸ்;
நிறச்சோடி = பேர்_நம்பர்(கட்டம் & ஏ_கலர்);

என்கர்சஸில் கீழ் 8 பிட் எழுத்துக்கு, அதற்கு மேல் 8 பிட் நிறச்சோடிக்கு (எழுத்து நிறமும் பின்னணி நிறமும் சேர்ந்த சோடியின் எண்), அதற்கும் மேலே தடிமன், அடிக்கோடு, தலைகீழ் நிறம் போன்ற பண்புகள் ஒவ்வொரு பிட்டாக. இந்த இடங்களை மனப்பாடம் செய்து எண்ணாக எழுதிவிடாதீர்கள். பிடிகர்சஸ் போன்ற வேறு கர்சஸ்களில் அடுக்கு வேறு. முகமூடிப் பெயர்களை மட்டும் பயன்படுத்தினால் நிரல் எங்கும் ஓடும்.

விண்டோவுக்கு வெளியே உள்ள இடத்தைக் கேட்டால் எம்வி வகைகள் ஈஆர்ஆர் தரும். அதன் மதிப்பு -1. ஆனால் சிஎச்டைப் குறியற்ற எண் என்பதால் எல்லா பிட்டும் 1 ஆகிவிடும். சோதிக்காமல் முகமூடி போட்டால் எழுத்து 255 என்றும், தடிமன், அடிக்கோடு, சிமிட்டல் என்று இருக்கிற எல்லாப் பண்பும் இருப்பதாகவும் தெரியும். வித்தியாசமான மதிப்பு வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். ஒப்பிடும்போது ஈஆர்ஆரைச் சிஎச்டைப்பாக மாற்றி ஒப்பிடுங்கள்.

எம்வி வகைகள் கர்சரை அங்கேயே விட்டுவிடும். பயனர் எடை தட்டிக்கொண்டிருக்கும்போது பின்னணியில் படித்தால், அடுத்த எழுத்து வேறெங்கோ விழும். படிக்கும் முன் கெட்ஒய்எக்ஸ் கொண்டு இடத்தைக் குறித்துவைத்து, முடித்ததும் டபிள்யூமூவ் கொண்டு திருப்பி வையுங்கள்.

பண்பைச் சோதிப்பது

அதிகம் நடக்கும் தவறு, ஏ_ஆட்ரிபியூட்ஸ் போட்டு எடுத்ததை ஏ_போல்டுக்குச் சமமா என்று கேட்பது. அந்த முகமூடிக்குள் நிறமும் அடங்கும். எனவே சிவப்பில் தடித்த வரி ஒருபோதும் சமமாகாது, நிறச்சோடியோ வேறு பண்போ சேராமல் தடித்தது மட்டும் சமமாகும். கேட்க வேண்டிய விதம் இது ('என்றால்' என்பது சி-யின் இஃப்):

என்றால் ((கட்டம் & ஏ_போல்ட்) && பேர்_நம்பர்(கட்டம்) == 2)

2 என்பது நீங்கள் இனிட்_பேர் கொண்டு சிவப்புக்குக் கொடுத்த சோடி எண். சோடி எண் தெரிந்தாலும் நிறம் தெரியாது. அதற்கு பேர்_கன்டென்ட் ஃபங்ஷன் இருக்கிறது, எழுத்து நிறம், பின்னணி நிறம் இரண்டையும் தரும். 0 கறுப்பு, 1 சிவப்பு, 2 பச்சை, 3 மஞ்சள் என்று 7 வெள்ளை வரை. டெர்மினலின் இயல்பு நிறத்தைப் பயன்படுத்தச் சொல்லியிருந்தால் -1 வரலாம்.

வெற்றுக் கட்டத்திலும் பண்பு இருக்கும். டபிள்யூபிகேஜிடி கொண்டு பின்னணி வைத்த விண்டோவில் காலியான இடம் என்பது அந்தப் பின்னணியோடு கூடிய இடைவெளி எழுத்து. 'எழுத்து இல்லை' என்று 0 வரும் என எதிர்பார்க்க வேண்டாம்.

ஒரு வரியை முழுதாக

ஒவ்வொரு கட்டமாகச் சுற்றுவதற்குப் பதில் இன்ச்என்ஸ்ட்ர் வகையைப் பயன்படுத்தலாம். கர்சரிலிருந்து வலது ஓரம் வரையோ, நீங்கள் சொன்ன எண்ணிக்கை வரையோ சிஎச்டைப் வரிசையாக நிரப்பி, கடைசியில் 0 வைக்கும். 16 கட்டம் கேட்டால் வரிசை 17 இடம் கொண்டதாக இருக்க வேண்டும். என் இல்லாத இன்ச்ஸ்ட்ர் வகை எல்லை பார்க்காது, அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

பண்பு வேண்டாம், எழுத்து மட்டும் போதும் என்றால் இன்என்ஸ்ட்ர். பண்பை உரித்துவிட்டுச் சாதாரண சரமாகத் தரும். வலது ஓரம் வரையுள்ள இடைவெளிகளும் சேர்ந்தே வரும், வெட்டுவது உங்கள் வேலை. என்கர்சஸில் இந்த இரண்டு வகையும் வெற்றி பெற்றால் படித்த எண்ணிக்கையைத் திருப்பும். 'ஓகே' என்ற மாறிலிக்குச் சமமா என்று சோதித்தால் வெற்றியும் தோல்வியாகத் தெரியும். ஈஆர்ஆர் அல்லவா என்று மட்டும் கேளுங்கள்.

தமிழ் வந்தால்

இதுவரை சொன்னது வண்டி எண்ணுக்கும் எடைக்கும் போதும். ஊர்ப் பெயர் தமிழில் இருந்தால் சிஎச்டைப் உதவாது. 'க' எழுத்தின் யூனிகோடு எண் 2965, எழுத்துக்கு இருப்பதோ 8 பிட். இன்ச் ஏதோ ஒரு மதிப்பைத் தரும், அதை வைத்து எதுவும் செய்ய முடியாது.

அதற்கு மாற்று இன்_டபிள்யூசிஎச் குடும்பம். நமக்கு வேண்டியது எம்விவின்_டபிள்யூசிஎச். இது மதிப்பைத் திருப்பாது, நீங்கள் கொடுக்கும் சிசார்_டி மாறியை நிரப்பும். அதைப் பிரிக்க கெட்சிசார்:

சிசார்_டி அறை;
அகலஎழுத்து எழு[சிசிஎச்ஏஆர்டபிள்யூ_மேக்ஸ் + 1];
பண்புவகை பண்பு; ஷார்ட் சோடி;
எம்விவின்_டபிள்யூசிஎச்(பட்டியல், 5, 12, &அறை);
கெட்சிசார்(&அறை, எழு, &பண்பு, &சோடி, நல்);

இங்கே அகலஎழுத்து என்பது டபிள்யூசார்_டி, பண்புவகை என்பது ஆட்ர்_டி. கடைசி அளவுரு நல். சிசிஎச்ஏஆர்டபிள்யூ_மேக்ஸ் என்கர்சஸில் 5. ஒரு கட்டத்துக்குள் ஒரு முதல் எழுத்தும் அதன்மேல் அமரும் குறிகளுமாக ஐந்து வரை தங்கலாம். முடிவுக் குறிக்கு ஓர் இடம் கூடுதலாக வேண்டும், அதனால்தான் +1.

எது தனிக் கட்டம் எடுக்கும், எது முந்தைய கட்டத்திலேயே அமரும் என்பதில்தான் தமிழ் எழுதுபவர்கள் தடுமாறுகிறார்கள். அதைத் தீர்மானிப்பது சி நூலகத்தின் டபிள்யூசிவிட்த். லினக்ஸில் வழக்கமாக உள்ள ஜிலிப்சியில், யூனிகோடு 'இடம் எடுக்காத குறி' என்று வகைப்படுத்தியவற்றுக்கு அகலம் 0, 'இடம் எடுக்கும் குறி' என்பவற்றுக்கு 1. தமிழில் நாம் அன்றாடம் எழுதுவதில் இடம் எடுக்காதவை இரண்டே: புள்ளி, ஈகாரக் குறி. துணைக்கால், இகரக் குறி, உகர ஊகாரக் குறிகள், கொம்புகள் அனைத்தும் தனிக் கட்டம் எடுக்கும்.

எனவே 'கீ' ஒரு கட்டம், 'கி' இரண்டு கட்டம். 'க்' ஒன்று, 'கு' இரண்டு. கண்ணுக்கு நியாயமே இல்லாத கணக்கு, ஆனாலும் இதுதான் நடைமுறை. 'வாளையார்' என்பது 8 யூனிகோடு எண், 24 பைட், 7 கட்டம். 'செங்கோட்டை' 10 எண், 30 பைட், 8 கட்டம். 'சித்தூர்' 8 எண், 24 பைட், 6 கட்டம், அது பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரானாலும் ஆந்திரச் சித்தூரானாலும். 'நகரி' மட்டும் 4 எண், 4 கட்டம், 12 பைட் என்று சமர்த்தாக இருக்கிறது.

பக்கத்து மொழிகளுக்கு இதே கணக்கைப் பொருத்த முடியாது. தெலுங்கில் எழுதிய 'கி' ஒரே கட்டம், ஏனென்றால் அந்த இகரக் குறி இடம் எடுக்காத வகை. மலையாளத்தில் எழுதிய 'கு' ஒரே கட்டம், 'கி' இரண்டு. கே.எல்., ஏ.பி. வண்டிகளின் ஊர்ப் பெயரை அவரவர் மொழியில் காட்டும் திரையென்றால் கட்டத்தை யூகிக்காமல் ஒவ்வொரு சரத்துக்கும் டபிள்யூசிஎஸ்விட்த் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

16 கட்ட ஊர்ப் பெயரைப் படிக்கும் முறை இது. 81 இடம் கொண்ட அகல எழுத்து வரிசை ஒன்றை வெறுமையாக்குங்கள் (16 × 5, முடிவுக் குறிக்கு 1). 12 முதல் 27 வரை ஒவ்வொரு பத்திக்கும் எம்விவின்_டபிள்யூசிஎச், பிறகு கெட்சிசார். கிடைத்ததை டபிள்யூசிஎஸ்கேட் கொண்டு ஒட்டிக்கொண்டே போங்கள். முடிவில் வலப்பக்க இடைவெளிகளை வெட்டுங்கள். புள்ளி வைத்த எழுத்தில் கெட்சிசார் இரண்டு எண்களை ஒரே கட்டத்திலிருந்து தரும். முதல் எண்ணை மட்டும் எடுத்து ஒட்டும் நிரல்தான் 'வாளையார்' என்பதை 'வாளையார' என்று அச்சடிப்பது.

இன்என்ஸ்ட்ர் தமிழையும் யுடிஎஃப்-8 ஆகத் தரும், ஆனால் அதற்குக் கொடுக்கும் எண்ணிக்கை பைட் கணக்கு. 16 என்று கொடுத்தால் தமிழ் எழுத்துகளின் ஐந்து யூனிகோடு எண்களோடு நின்றுவிடும். முழு வரி வேண்டுமென்றால் அது வசதியானது. 80 பத்திக்கு 80 × 5 × 4 + 1, அதாவது 1601 பைட் ஒதுக்கினால் எந்த மொழிக்கும் போதும். குறிப்பிட்ட பத்தி வேண்டுமென்றால் கட்டம் கட்டமாகப் படிப்பதே சரி.

இன்னும் இரண்டு சிக்கல்கள். நீங்கள் தொடங்கும் பத்தி ஓர் எழுத்தின் நடுவில் விழலாம். அப்போது முதல் கட்டத்தில் 'ி' மட்டும் அநாதையாக வரும், அச்சில் புள்ளி வட்டத்தோடு தெரியும். முதல் கட்டத்தின் எண் 3006-இலிருந்து 3021-க்குள்ளோ 3031 ஆகவோ இருந்தால் ஒரு கட்டம் பின்னால் போய்த் தொடங்குங்கள்.

மற்றது தேடும்போது வருவது. 'கொல்லம்' என்பதில் 'கொ' இரண்டு விதமாகத் தட்டச்சாகலாம்: 'க'வுடன் 3018 என்ற ஒரே குறி, அல்லது கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக 3014, 3006. பார்க்க ஒன்றே. ஆனால் முதலாவது 21 பைட், 5 கட்டம். இரண்டாவது 24 பைட், 6 கட்டம். 'கொல்லம்' வரிகளைத் திரையிலிருந்து பொறுக்கும் நிரல் பாதியை மட்டும் பொறுக்கினால் இதுதான் காரணம். ஒப்பிடும் முன் இரட்டைக் குறியை ஒற்றையாக மாற்றிவிடுங்கள். 'கோ', 'கௌ' வகைகளுக்கும் அப்படியே.

எழுதும்போதும் கவனம் வேண்டும். பிரிண்ட்எஃப் பாணியில் '16 இடம்' என்று வடிவம் கொடுத்தால் அது பைட்டை எண்ணும். 'செங்கோட்டை' ஏற்கெனவே 30 பைட் என்பதால் ஓர் இடைவெளிகூடச் சேர்க்காது, எடை 20-வது பத்திக்கு நகர்ந்துவிடும். பிறகு 30-வது பத்தியில் படித்தால் வெற்றிடம். ஒவ்வொரு புலத்தையும் எம்விடபிள்யூஆட்ஸ்ட்ர் கொண்டு அதன் பத்தியிலேயே வையுங்கள், முன்னே இருந்ததை இடைவெளியால் அழித்த பிறகு.

கோடுகள், டேப், ஒன்றின்மேல் ஒன்றாக விண்டோக்கள்

பாக்ஸ் ஃபங்ஷனால் வரைந்த சட்டகத்தைப் படித்தால் கோடுகளுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் வரும்: கிடைக்கோடு 'க்யூ', நெடுங்கோடு 'எக்ஸ்', மேல் இடது மூலை 'எல்'. அவை மாற்று எழுத்துத் தொகுதியில் உள்ள இடங்கள். ஏ_ஆல்ட்சார்செட் பிட் வைத்திருந்தால் அது கோடு, இல்லாவிட்டால் உண்மையான எழுத்து. பிரிண்டருக்கு அனுப்பும் முன் அவற்றை கழித்தல், கூட்டல் குறிகளாக மாற்றிவிடலாம்.

டேப் எழுதினால் டேப் திரும்பி வராது, அது அப்போதே இடைவெளிகளாகிவிடும்.

நியூவின் கொண்டு உருவாக்கிய ஒவ்வொரு விண்டோவுக்கும் தனிப் பலகை. எடை உறுதிசெய்யும் சிறு விண்டோ மேலே மறைத்திருந்தாலும் கீழேயுள்ள பட்டியல் விண்டோவைப் படித்தால் அடியில் உள்ளதே கிடைக்கும். பெரும்பாலும் அதுதான் வேண்டும். பயனர் கண்ணால் பார்ப்பதே வேண்டுமென்றால் ரெஃப்ரெஷ் முடிந்த பிறகு கர்ஸ்க்ர் என்ற உள் விண்டோவைப் படியுங்கள், அதில் முழுத்திரைக் கணக்குப்படி வரிசை பத்தி கொடுத்து. சப்வின், டெர்வின் கொண்டு பிரித்தவை தாய் விண்டோவின் நினைவகத்தையே பகிர்வதால், எதில் படித்தாலும் ஒன்றே.

சிறு விண்டோவை மூடிய பின் அடியில் இருந்ததைத் திருப்பி வைக்கவே படிக்கிறீர்கள் என்றால், இந்த வேலையே வேண்டாம். டூப்வின் கொண்டு நகல் எடுங்கள், அல்லது பேனல் நூலகத்தைப் பயன்படுத்துங்கள். விண்டோவை ஃபைலில் வைத்து மறுநாள் திறக்க புட்வின், கெட்வின் ஜோடி இருக்கிறது, நிறமும் பண்பும் அதில் சேரும்.

படித்த மதிப்பைச் சரிபார்க்க பிரிண்ட்எஃப் போடாதீர்கள், திரை கலைந்துவிடும். ஒரு லாக் ஃபைலில் எழுதி, இன்னொரு டெர்மினலில் டெயில் கொண்டு பாருங்கள். நடுவில் நிரல் விழுந்து டெர்மினல் எதிரொலிக்காமல் போனால் கண் மூடித் 'ரீசெட்' என்று தட்டி என்டர்.

கர்சஸுக்கு வெளியே

வேறு புரோகிராம் வரைந்ததையும் படிக்க வேண்டுமென்றால் கர்சஸால் ஆகாது. லினக்ஸின் நேரடிக் கன்சோலில் (டெஸ்க்டாப் விண்டோவுக்குள் ஓடும் டெர்மினலில் அல்ல) டெவ் அடைவில் விசிஎஸ்ஏ1 போன்ற ஃபைல்கள் உண்டு. முதல் 4 பைட் முறையே வரிசை எண்ணிக்கை, பத்தி எண்ணிக்கை, கர்சரின் பத்தி, கர்சரின் வரிசை. அதன்பின் ஒவ்வொரு கட்டத்துக்கும் எழுத்து ஒன்று, பண்பு ஒன்று என இரண்டு பைட். ஒரு கட்டத்தின் இடம்: 4 + 2 × (வரிசை × பத்திகள் + பத்தி). படிக்க அனுமதி வேண்டும், பொதுவாக ரூட்.

விண்டோஸ் கன்சோலில் ரீட்கன்சோல்அவுட்புட்கேரக்டர், ரீட்கன்சோல்அவுட்புட்ஆட்ரிபியூட் என்ற இரண்டும் கன்சோலின் உண்மையான பஃபரையே படிக்கும், யார் எழுதியிருந்தாலும் சரி. பண்பு எண்ணின் கீழ் 4 பிட் எழுத்து நிறம், அடுத்த 4 பிட் பின்னணி. இங்கே இடத்தைச் சொல்லும் கோஆர்ட் அமைப்பில் எக்ஸ் முதலில், ஒய் பிறகு. கர்சஸ் நிரலை விண்டோஸுக்கு மாற்றும்போது முதலில் இதைச் சரிபாருங்கள்.